ஒட்டுத்தாள் ஒட்டிய ஆண்டு

2011 ஜூனில் பள்ளி திறந்தபோது என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் பாடநூல் இல்லை. தமிழ்நாட்டின் பல பாடத்திட்டங்களை ஒன்றாக்கும் சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. அந்த ஆண்டே ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் அமலானது. மற்ற வகுப்புகளுக்கும் நூல்கள் அச்சாகியிருந்தன. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு சட்டத்தைத் திருத்தித் திட்டத்தை நிறுத்திவைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போனது. நான் பழைய இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி நாளை ஓட்டினேன்.

ஆகஸ்ட் 9இல் திட்டத்தை அமலாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே நூல்கள் வந்தன. சில பக்கங்களில், புதிய அரசு மறைக்கச் சொன்ன இடங்களில், ஒட்டுத்தாள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மறைத்ததைத்தான் முதலில் படித்தார்கள்.

அதே பள்ளியில் சத்துணவு அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. 1956இல் காமராசர் விரிவாக்கிய மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், 1989இல் கருணாநிதி முட்டை சேர்த்தார். எந்தக் கட்சியும் அதில் கைவைக்கத் துணியவில்லை. தட்டு காலியானால் ஊரே கேட்கும். பாடநூலுக்கும் அந்தக் காவல் வேண்டும்: மாற்றுவதானால் ஓராண்டு முன்பே பேரவையில் பேசி மாற்றட்டும்.