ஒப்பிடாத படி படியாகாது

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பகுதி இராவுத்தர் குடும்பங்களில் தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள இழுப்பறையைத் திறந்தால் பெரும்பாலும் சில டிவிடிகள் கிடைக்கும். நிகாஹ், மதரஸா ஆண்டு விழா, பெரியவர்களை ஹஜ்ஜுக்கு வழியனுப்பிய நாள் என அவற்றின் உறைகளில் எழுதியிருக்கும். வஃபாத்தாகிவிட்ட நன்னா மணமக்களுக்காகக் கையேந்திய துஆ, அந்த ஒரு வட்டைத் தவிர வேறெங்கும் பதிவாகாமல் இருக்கலாம். அந்த வட்டுகள் இப்போது ஒவ்வொன்றாக ஓட மறுக்கின்றன. பாடல் காட்சி வரை வந்து நின்றுவிடுகின்றன. சில வட்டுகளைக் கருவி அடையாளம் காண்பதே இல்லை.

படியெடுத்துக் காப்பது நம் சமுதாயத்துக்குப் புதிய வேலையன்று. நபி (ஸல்) அவர்கள் மறைந்த சில மாதங்களில் யமாமாப் போர் நடந்தது. குர்ஆனை மனனம் செய்த பலர் அதில் ஷஹீதாயினர். உமர் (ரலி) அவர்களின் கவலையை ஏற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள், ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பணியை ஒப்படைத்தார்கள். பேரீச்ச மட்டைகளிலும் கற்பலகைகளிலும் மனிதர்களின் நெஞ்சங்களிலும் இருந்தவை ஒன்று சேர்க்கப்பட்டன. ஸைத் அவர்களே ஹாஃபிழாக இருந்தும் தம் நினைவை மட்டும் நம்பி எழுதவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எழுத்தும் மனனமும் ஒன்றையொன்று சரிபார்த்தன. அந்த ஏடுகள் பின்னர் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அவற்றை வாங்கிப் பல படிகள் எடுத்து வெவ்வேறு பகுதிகளுக்கு அனுப்பினார்கள். மூல ஏடுகளை ஹஃப்ஸா அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இறைவேதத்தின் பாதுகாப்புக்கு நம் வீட்டுப் படங்களை இணைவைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அந்தத் தலைமுறை வேலை செய்த ஒழுங்கைப் பற்றியே பேசுகிறோம்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த ஒழுங்குக்கு ஒரு பெயரே வைத்தார்கள்: முகாபலா. எழுதி முடித்த படியை மூலத்துடன் வரிக்கு வரி ஒப்பிடுவது என்று பொருள். உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் தம் மகன் ஹிஷாமிடம், எழுதியதை ஒப்பிட்டாயா என்று கேட்டு, இல்லை என்றதும், அப்படியானால் நீ எழுதவே இல்லை என்று கூறியதாக அறிவிக்கப்படுகிறது. எழுத்தர்கள் ஒரு ஹதீஸுக்கும் அடுத்ததற்கும் இடையே சிறு வட்டம் வரைவார்கள். ஒப்பிட்டு முடித்த பிறகே அந்த வட்டத்துக்குள் புள்ளி வைப்பார்கள். புள்ளியில்லாத வட்டத்தைக் காணும் வாசகர், அந்தப் பகுதி இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று அறிந்துகொள்வார்.

தமிழ்நாட்டில் ஓலைச்சுவடிகள் செல்லரித்துப் போகும். சில தலைமுறைக்கு ஒருமுறை மறுபடி எழுதப்பட்டவை பிழைத்தன, எழுதப்படாதவை போயின. பதினேழாம் நூற்றாண்டில் பிறந்த உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. 1842ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதை அச்சிட்டு வெளியிடும் வரை, கைப்படிகளே அதைச் சுமந்தன. சுவடிப் பதிப்பில் ஒரு பொது விதி உண்டு. ஒரு சுவடியில் ஓட்டை விழுந்த இடத்தை வேறு ஊரிலிருந்து வந்த சுவடி நிரப்பும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்வோம். டிவிடிக்கும் இதே விதி உதவப் போகிறது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, பிற்காலத்தில் வளைகுடாவுக்கும் நம் ஊர்களுக்கும் இடையே குரலைச் சுமந்தது. நாகூர் ஈ.எம். ஹனிஃபா அவர்களின் பாடல்களும் ஆலிம்களின் பயான்களும் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவாயின. ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடிற்று, குரல் மங்கிற்று. மூன்றாம் தலைமுறைப் படியைக் கேட்ட எவருக்கும் இது தெரியும். எண்முறைப் பதிவில் இந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் அங்கே வேறொரு ஆபத்து உண்டு. கேசட் தேய்வதைக் காது அறிந்தது. டிவிடி உள்ளே கெட்டுக்கொண்டிருப்பதைக் கண் அறியாது.

1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடியின் ஓரடுக்கு வட்டில் 4.7 ஜிகாபைட் கொள்ளும். கடையில் வாங்கும் திரைப்பட வட்டில் தகவல் அச்சாக அழுத்தப்பட்டிருக்கும். நிகாஹ் படம் எடுத்தவர் தந்த வட்டிலோ, கரிமச் சாயப் படலத்தை லேசர் ஒளி சுட்டு எழுதியிருக்கும். வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். மலையடிவாரத்து மழைக்கால ஈரத்தைப் பற்றிக் கம்பத்தாருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலே ஒட்டிய காகித லேபிள் வட்டின் சமநிலையைக் குலைக்கும். ஆயினும் அதை உரிக்கக் கூடாது. உரித்தால் வட்டு சேதமடையலாம்.

ஆகவே முதல் வேலை, வட்டில் உள்ள கோப்புகளைத் தனித்தனியே இழுத்துப் போடாமல், முழு வட்டையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது. பழுதுபட்ட வட்டுகளுக்கு டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள் ஏற்றது. அது முதலில் எளிதாக வாசிக்கக்கூடிய பகுதிகளை எடுத்துக்கொண்டு, பிறகு பழுதான பகுதிகளுக்குத் திரும்பும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். ஒரு டிரைவ் வாசிக்காத இடத்தை மற்றொன்று வாசிப்பதும் உண்டு. அதைவிட முக்கியமானது, மணமகன் வீட்டாருக்கும் மணமகள் வீட்டாருக்கும் ஒரே மூலத்திலிருந்து எழுதித் தந்த வட்டுகள் பெரும்பாலும் அச்சுப்போல் ஒன்றாக இருக்கும் என்பது. உத்தமபாளையத்துச் சம்பந்தி வீட்டு வட்டைப் போட்டு, அதே வரைபடக் கோப்புடன் மென்பொருளை மறுபடி இயக்கினால், கம்பத்து வட்டின் ஓட்டைகளை அது நிரப்பும். இரண்டு வட்டுகளும் சிதைந்திருக்கலாம்; ஒரே இடத்தில் சிதைந்திருப்பது அரிது. சுவடிப் பதிப்பாளர் செய்த வேலையும் இதுதான்.

அடுத்தது முகாபலா. ஐஎஸ்ஓ கோப்பு முழுமையாகக் கிடைத்ததும் அதன் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு ஒரு காகிதத்திலும் கோப்பிலும் எழுதி வைக்க வேண்டும். ஒரேயொரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வன்தட்டுக்கு நகலெடுத்த பின் மறுபடி கணக்கிட்டு, இரு எண்களும் ஒத்தால் மட்டுமே புள்ளி வைக்கலாம். படம் திரையில் ஓடுகிறதே என்பது சான்றாகாது. நடுவில் பத்து வினாடி காணாமற்போனதை முன்னால் ஓட்டிப் பார்ப்பவர் கவனிக்கமாட்டார். இந்த ஒப்பீட்டை ஆண்டுக்கொருமுறை செய்வது நலம். ஏனெனில் வன்தட்டும் ஒருநாள் நிற்கும்.

படிகள் ஒரே வீட்டில் இருப்பதும் பாதுகாப்பாகாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறு படியில்லாத சுவடிகள் மீட்பின்றி அழிந்தன. ஒரு வன்தட்டு வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று மதுரையிலோ துபாயிலோ உள்ள பிள்ளையிடம் இருக்கட்டும். ஆனால் இவற்றில் நம் பெண்களின் படங்களும் உண்டு. யாரிடம் கொடுக்கிறோம் என்பது அமானிதம். வெளியே தரும் வன்தட்டைக் கடவுச்சொல் இட்டு மறையாக்கம் செய்துவிட்டு, அந்தச் சொல்லைக் குடும்பத்தில் இருவர் அறிந்திருக்குமாறு செய்ய வேண்டும். மூல வட்டையும் தூக்கி எறியாமல் உறைக்குள் நிமிர்த்தி வைக்கலாம்.

கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளின் நிலை வேறு. அவற்றில் பெரும்பாலும் மறைகுறிப் பூட்டு இருக்கும். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மீறும் நோக்கத்துடன் அத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அவை தொலைந்தாலும் வேறிடத்தில் கிடைக்கக் கூடியவை. அவசரம் நிகாஹ் வட்டுகளுக்கே. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிவிடி டிரைவே இல்லை என்பதால், யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் ஒன்றை வாங்க வேண்டியிருக்கும். தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். வீடு வீடாகக் கைமாற்றிக்கொள்ளலாம்.