ஒரு நாற்காலி மூன்றானதும், நான்காவது வந்ததும்

தில்லியில் தீன் மூர்த்தி பவனுக்குப் போகிறவர்கள் அதை நேரு வாழ்ந்த வீடாகத்தான் சுற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் அது பிரதமருக்காகக் கட்டிய வீடல்ல. ராபர்ட் டோர் ரஸ்ஸல் வடிவமைத்து 1930-இல் கட்டி முடித்தபோது அதன் பெயர் ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ். குடியேறியவர் இந்தியாவின் கமாண்டர்-இன்-சீஃப். வைஸ்ராய் மாளிகைக்கு அடுத்தபடியான வீடு இதுதான் என்பது ஊரறிந்த விஷயம். அதில் இருந்தவரும் ஆட்சியில் வைஸ்ராய்க்கு அடுத்தபடியானவர்தான்.

1948-இல் நேரு அங்கே குடிபுகுந்தார். அடுத்த ஆண்டு தரைப்படையின் தலைமையை ஏற்ற கரியப்பாவுக்கு அந்த வீடு கிடைக்கவில்லை. இன்று தரைப்படைத் தளபதியின் அதிகாரபூர்வ இல்லம் ராஜாஜி மார்க்கில், 4-ஆம் எண். கடற்படைத் தளபதியின் இல்லமும் அதே சாலையில்தான்.  வீடு கைமாறியது சின்ன விஷயம்போலத் தோன்றும். இந்தியப் படைத்தலைமையின் கதையை அந்த வீட்டிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

இந்தப் பதவியின் வேர் கடலூரில் இருக்கிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்குள் ஒதுங்கியது. 1748 ஜனவரியில் அங்கே வந்து இறங்கினார் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். கோட்டைக் காவலுக்குக் கூலி வாங்கி நின்றவர்களைக் கம்பெனிகளாகப் பிரித்து, பயிற்சி கொடுத்து, ஒரு கட்டளைக்கு அடங்கும் படையாக்கினார். பிரிட்டிஷ் இந்தியப் படையின் தந்தை என்று வரலாற்றாசிரியர்கள் அவரைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்கள் தனித்தனியே படை வைத்துக்கொண்டன. தனித்தனியே தளபதிகளும் இருந்தார்கள். மூன்றும் ஒரே இந்தியப் படையாக இணைந்தது 1895 ஏப்ரல் 1 அன்று. அதன்பின் அந்த ஒற்றைத் தளபதியின் கை ஓங்கியது. எந்த அளவுக்கு ஓங்கியது என்பதற்கு வைஸ்ராய் கர்சன் கதையே சாட்சி.

1902-இல் கிச்சனர் பிரபு கமாண்டர்-இன்-சீஃபாக வந்தார். வைஸ்ராயின் ஆட்சிக் குழுவில் அப்போது ‘இராணுவ உறுப்பினர்’ என்று இன்னொரு அதிகாரி இருந்தார். பதவித் தரத்தில் தளபதிக்குக் கீழே உள்ளவர். ஆனால் தளபதியின் ஒவ்வொரு கோரிக்கையும் அவருடைய இலாகா வழியாகத்தான் வைஸ்ராயின் மேசைக்குப் போக வேண்டும். கிச்சனர் அதைப் பொறுக்கவில்லை. அந்த இடத்தையே ஒழிக்கச் சொன்னார். கர்சன் மறுத்தார். படைத்தலைவரின் பேச்சைச் சீர்தூக்கிப் பார்க்க அரசிடம் இன்னொரு இராணுவக் குரல் வேண்டும் என்பது அவர் கட்சி. லண்டன் கிச்சனர் பக்கம் சாய்ந்தது. 1905 ஆகஸ்டில் கர்சன் ராஜிநாமா செய்தார். ஒரு தளபதியோடு மோதி வைஸ்ராய் பதவி இழந்தார் என்ற செய்தி இந்தியா முழுக்கப் பரவியது.

கிச்சனர் ஜெயித்தார். ஜெயித்ததன் விலையைச் சிப்பாய்கள் கொடுத்தார்கள். 1916 ஏப்ரலில் மெசொப்பொட்டேமியாவின் குட் நகரில் முற்றுகைக்குள் சிக்கிய இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தது. சுமார் 13,000 பேர் சிறைப்பட்டார்கள். மருந்தில்லை, படகில்லை, உணவில்லை. விசாரித்த ஆணையம் 1917-இல் தந்த அறிக்கையில் பல குறைகளைச் சொன்னது. அவற்றுள் ஒன்று: களத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே மனிதர் பொறுப்பு என்ற ஏற்பாட்டை எவராலும் தாங்க முடியாது. அப்படியும் 1947 வரை அந்த நாற்காலி ஒன்றாகவே இருந்தது. தரைப்படைக்கு மட்டுமல்ல, இந்தியக் கடற்படைக்கும் விமானப்படைக்கும் அவரே தலைவர்.

1947 ஆகஸ்ட் 15 அன்று அந்த நாற்காலியை மூன்றாகப் பிளந்தார்கள். தரைப்படைக்கு ராப் லாக்ஹார்ட், கடற்படைக்கு ஹால், விமானப்படைக்கு எல்ம்ஹர்ஸ்ட். மூவரும் ஆங்கிலேயர். சீக்கிரமே மூன்று பதவிகளுக்கும் கமாண்டர்-இன்-சீஃப் என்றே பட்டம் வந்தது. கடைசி ஒற்றைத் தளபதியான ஆக்கின்லெக், சுப்ரீம் கமாண்டர் என்ற பெயரில் இந்தியா, பாகிஸ்தான் என்ற இரு நாடுகளுக்கும் படையைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். நவம்பர் 30 அன்று அந்தத் தலைமையகத்தையும் மூடிவிட்டார்கள். காஷ்மீரில் சண்டை தொடங்கியபோது எல்லைக்கு இருபுறமும் படைத்தலைவர்களாக இருந்தவர்கள் ஆங்கிலேயர்களே. புதிதாகப் பிறந்த ஒரு நாட்டுக்கு இதைவிட இக்கட்டான நிலை இருக்க முடியாது.

1949 ஜனவரி 15 அன்று ராய் புச்சரிடமிருந்து கரியப்பா பொறுப்பேற்றார். அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் இராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம்.  விமானப்படைக்கு இந்தியர் தலைவராக 1954 ஆயிற்று. அவர் சுப்ரதோ முகர்ஜி. கடற்படைக்கு 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு வந்த ராம்தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர்.

இதற்கிடையில் நேரு செய்த காரியம் பெயர் மாற்றம். 1955 ஏப்ரல் 1 முதல் கமாண்டர்-இன்-சீஃப் என்ற பட்டமே கிடையாது. மூவரும் ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ மட்டுமே. வெறும் பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. அரசியல் சாசனத்தின் 53-ஆம் பிரிவு முப்படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்திருக்கிறது. நாட்டில் ஒரே ஒரு கமாண்டர்தான், அவர் சீருடை அணியாதவர் என்பதை அந்தப் பெயர் மாற்றம் உறுதி செய்தது. அக்கம்பக்கத்து நாடுகளில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்த வரலாற்றைப் பார்க்கும்போது, அன்றைய தலைவர்கள் இதில் எவ்வளவு தொலைநோக்கோடு நடந்துகொண்டார்கள் என்பது புரியும்.

மூவரும் சமம் என்று சட்டம் சொன்னாலும் தோள்பட்டை அப்படிச் சொல்லவில்லை. தரைப்படைத் தளபதி ஜெனரல். மற்ற இருவரும் ஒரு படி கீழே. விமானப்படைத் தலைவர் அர்ஜன் சிங்குக்கு ஏர் சீஃப் மார்ஷல் பதவி கிடைத்தது 1966-இல். கடற்படைக்கு முழு அட்மிரல் வந்தது 1968-இல். அந்த ஆண்டுகளில் தரைப்படையின் தலைமையில் இருந்தவர் நம்மவர்: திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன்.

மூன்று தளபதிகளும் கூடிப் பேச ஒரு குழு உண்டு. பணியில் மூத்தவர் அதன் தலைவர். மவுண்ட்பேட்டனின் அலுவலகத் தலைவராக இருந்த இஸ்மே பிரபு வகுத்துக் கொடுத்த ஏற்பாடு இது. மூத்தவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் வருவார். சில மாதங்களில் அவரும் போவார். தம் படையின் தலைமைச் சுமை முழுவதையும் தாங்கிக்கொண்டே இதையும் பார்க்க வேண்டும். 2019-இல் மட்டும் இந்தத் தலைமை கடற்படைத் தளபதி லன்பாவிடமிருந்து விமானப்படைத் தளபதி தனோவாவுக்கும், நான்கே மாதத்தில் அவரிடமிருந்து தரைப்படைத் தளபதி ராவத்துக்கும் கைமாறியது. நான்கு மாதத்தில் ஒருவர் என்ன திட்டம் போட முடியும்?

போர் வரும்போது இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. 1962-இல் சீனாவோடு நடந்த போரில் நம் போர் விமானங்கள் தாக்குதலுக்குப் போகவே இல்லை. 1965 செப்டம்பர் 1 அன்று சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் நுழைந்த பிறகுதான், தரைப்படைத் தளபதி சௌத்ரி விமானப்படையின் உதவியைக் கேட்டார். பாதுகாப்பு அமைச்சர் சவாண் அங்கேயே அனுமதி கொடுத்தார். மாலைக்குள் விமானங்கள் பறந்தன. ஆனால் முன்கூட்டியே சேர்ந்து திட்டமிடாததால் குண்டுகள் சில நம் வீரர்கள்மீதே விழுந்தன. 1971-இல் நிலைமை மாறியது. மானெக்‌ஷா, நந்தா, பி.சி. லால் என்ற மூன்று தளபதிகளும் சேர்ந்து உழைத்தார்கள். பதின்மூன்று நாளில் டாக்கா விழுந்தது. அது அந்த மூன்று மனிதர்களின் குணத்தால் அமைந்த நன்மை. மனிதர்கள் மாறினால் அந்த நன்மையும் போய்விடும்.

கார்கிலில் அதுதான் நடந்தது. 1999 மே முதல் வாரத்தில் ஊடுருவல் தெரியவந்தது. விமானத் தாக்குதல் தொடங்கியது மே 26 அன்று. போருக்குப் பின் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திருச்சியில் பிறந்து, தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். பிரிவில் பணி தொடங்கிய கே. சுப்பிரமணியம். அந்த அறிக்கையைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு 2001-இல் ஒரு முடிவுக்கு வந்தது: முப்படைகளுக்கும் பொதுவாக ஒரு தலைமைத் தளபதி வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கான தலைமையகமும் தயாராகிவிட்டது. அதிகாரிகள் வந்தார்கள், கோப்புகள் வந்தன, பெயர்ப்பலகை வந்தது. யாருக்காக அந்த அலுவலகத்தைத் திறந்தார்களோ அவர் மட்டும் வரவில்லை. எல்லாக் கட்சிகளின் கருத்தையும் கேட்க வேண்டும் என்றார்கள். தரைப்படை மற்றவற்றை விழுங்கிவிடும் என்று விமானப்படை அஞ்சியது. ஆண்டுகள் ஓடின. 1947-இல் நாற்காலியைப் பிளந்தது விவேகம். 2001-க்குப் பின் பதினெட்டு ஆண்டு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தது விவேகமல்ல, கடமை தவறியது.

2019 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் மோதி அறிவித்தார். 2020 ஜனவரி 1 அன்று ஜெனரல் பிபின் ராவத் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். தரைப்படைச் சீருடைதான், ஆனால் தோளில் இருந்த சின்னத்தில் வாள், நங்கூரம், கழுகு மூன்றும் சேர்ந்திருந்தன. மூன்று தளபதிகளுக்கும் அவருக்கும் ஒரே ஊதியம், ஒரே நான்கு நட்சத்திரம். மூன்று படைகளில் எதற்கும் அவர் நேரடியாக உத்தரவிட முடியாது என்றது அப்போதைய விதி. பாதுகாப்பு அமைச்சருக்கு ஆலோசகர், தளபதிகள் குழுவுக்கு நிரந்தரத் தலைவர், புதிதாக அமைத்த இராணுவ விவகாரத் துறைக்குச் செயலாளர். கிச்சனர் மறுபடி வந்துவிடக் கூடாது என்ற பழைய அச்சம் அந்த விதிகளின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.

2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டன் இராணுவக் கல்லூரியில் பேசுவதற்காக, சூலூரிலிருந்து 11.48-க்கு அவருடைய ஹெலிகாப்டர் கிளம்பியது. 12.15-க்கு இறங்கியிருக்க வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்து மக்கள் தீயைப் பார்த்து ஓடினார்கள். வீட்டிலிருந்த கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ராவத்தும் அவர் மனைவியும் உள்பட அதில் இருந்த பதினான்கு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தில்லியில் காமராஜ் மார்க்கில் இருந்த அவர் வீட்டுக்கு உடல் போய்ச் சேர்ந்தது.

அடுத்தவர் அனில் சௌகான் வந்தது 2022 செப்டம்பர் 30 அன்று. ஒன்பது மாதத்துக்கும் மேலாக அந்த இடம் மீண்டும் காலி.

பணி இன்னும் பாதியில் நிற்கிறது. அந்தமான் போன்ற கூட்டுத் தலைமையகத்தில் தளபதி ஒரு படையைச் சேர்ந்தவராக இருப்பார். கீழே உள்ளவர் வேறு படை. அவர் தவறு செய்தால் நடவடிக்கை எடுக்க அவரைச் சொந்தப் படைக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் அந்தச் சிக்கலை அவிழ்த்தது. பெரிய வேலை, மூன்று படைகளின் பதினேழு தனித்தனித் தலைமையகங்களை ஒருங்கிணைப்பது. அது ஏன் அவசியம் என்பதைத் தமிழ்நாட்டு வரைபடத்தை வைத்தே பார்க்கலாம். இங்குள்ள தரைப்படை புனேக்குக் கட்டுப்பட்டது. தஞ்சாவூர் விமானத்தளம் திருவனந்தபுரத்துக்குக் கட்டுப்பட்டது. உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத்தளம் விசாகப்பட்டினத்துக்குக் கட்டுப்பட்டது. மூன்று ஊர், மூன்று தளபதிகள். ஒருவர் மற்றவருக்கு உத்தரவிட முடியாது. மூவரின் கோப்புகளும் ஒன்றுசேரும் இடம் தில்லி மட்டுமே.