குழலின் பாரமும் மலைநாட்டுத் துவக்கும்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று மகாவலி கங்கையைப் பார்க்கும் நம் வாலிபர்களுள் எத்தனை பேர், இதே கங்கைக் கரையில், நம் அயலூராகிய வட்டபுலுவையில், 1803 ஆம் ஆண்டு யூன் மாதம் நடந்ததை அறிவர்? கண்டி நகரைக் காத்து நின்ற ஆங்கிலப் படை, மேஜர் டேவி என்பவரின் தலைமையில் சரணடைந்து, திருகோணமலைக்குச் செல்லப் புறப்பட்டு, பெருக்கெடுத்தோடிய கங்கையைக் கடக்க வழியின்றி அங்கே நின்றது. அவர்களோடு நின்றவன் முத்துசாமி. அவன் நாயக்கர் குலத்தவன். ஆங்கிலேயர் தாமே கண்டிக்கு அரசனென முடிசூட்டிய இளவரசன்.

அந்தப் போரைப் பற்றிப் பேசும் பெரியோர் சிலர், வெள்ளையரிடம் துவக்கு இருந்தது, மலைநாட்டாரிடம் வில்லும் ஈட்டியுமே இருந்தன என்பர். இது தவறு. மலைநாட்டார் நூற்றாண்டுகளாகத் துவக்குச் செய்தவர்கள். இலங்கைக் கொல்லர் வார்த்த குழல்களின் அழகைப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர் தம் நூலில் வியந்து எழுதியுள்ளார். அவர்கள் செய்த துவக்குகளுள் ஒன்று மிகுந்த பாரமுடையது. அந்தப் பாரத்தைப் பற்றியே ஈண்டு எழுத விரும்புகின்றோம்.

துவக்கின் குழல் பாரமாயிருப்பதால் வரும் நன்மை யாது? வெடிமருந்து பற்றியதும் குழல் முழுவதும் நடுங்குகின்றது. தட்டிய வீணைத் தந்தியைப் போல அதன் வாய் மேலும் கீழும் அசைகின்றது. குண்டு வெளியேறும் கணத்தில் வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றதோ அதற்கேற்பக் குறியும் பிசகும். குழல் தடித்ததாயின் இந்த நடுக்கம் குறையும். வெளிவிட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலே குழலின் விறைப்பு இரு மடங்குக்குக் குறையாது பெருகும். தடித்த குழல் சூடேறவும் காலம் எடுக்கும். ஆகையால் அடுத்தடுத்துச் சுடும்போது குறி மெல்ல இடம் மாறிச் செல்வதும் குறைவு. துவக்கு பாரமாக இருக்க இருக்க, தோளில் விழும் உதைப்பும் தணியும்.

அப்படியாயின் எல்லோரும் பாரத் துவக்கையே எடுத்தால் என்ன என்று வினவலாம். பத்து இறாத்தல் துவக்கைத் தூக்கிக்கொண்டு அலகல்லை மலை ஏறிப் பார்த்தவர் அப்படி வினவமாட்டார்! பாரம் முழுவதும் முன்பக்கத்தில் இருப்பதால் கை சோர்ந்து வாய் கீழே தாழும். ஓடும் பன்றியைப் பின்தொடர்ந்து குழலைத் திருப்பவும் இயலாது. பாரக் குழலுக்கு ஊன்றுகோல் வேண்டும். கல்லோ, மரக்கிளையோ, காலோ வேண்டும். சுருங்கச் சொன்னால், அது காத்திருப்பவனின் ஆயுதம். நடப்பவனுக்கு அது சுமை.

கண்டியரின் கொடித்துவக்கு இதற்கு நல்ல சான்று. மரக்கால்கள் பொருத்தி நிலத்தில் நிறுத்திச் சுடும் சிறு பீரங்கி அது. அதன் உருவத்தைக் கண்ட ஆங்கிலேயர் வெட்டுக்கிளி எனப் பெயரிட்டனர். அதனைக் கையாளுவோருக்கென அரசனிடம் தனி இலேகம் இருந்தது. கொடித்துவக்கு என்னும் குடும்பப் பெயர் சிங்கள மக்களிடையே இன்றும் வழங்குகின்றது. 1660 முதல் 1679 வரை மலைநாட்டில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், கண்டியர் வெளிநிலத்தில் அணிவகுத்துப் பொருவது அரிதென்றும், ஒடுங்கிய கணவாய்களில் பாறைகளுக்கும் மரங்களுக்கும் இடையே துவக்குகளை முன்கூட்டியே நாட்டி வைப்பர் என்றும் 1681 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். எதிரி வரும் பாதை ஒன்றே. குறியை முதல்நாளே வைத்துவிடலாம். கையிற் பிடிக்க வேண்டியதில்லை, திருப்ப வேண்டியதில்லை. பாரக் குழலின் குற்றமெல்லாம் அந்த ஒடுங்கிய பாதையில் மறைந்துவிடுகின்றன. குணம் மட்டும் நிற்கின்றது.

ஆங்கிலப் படைவீரன் கொண்டு வந்ததோ, ஏறத்தாழப் பத்து இறாத்தல் நிறையும் முக்கால் அங்குலத் துளையும் கொண்ட பிறவுண் பெஸ் துவக்கு. அதன் துளை வழவழப்பானது. குண்டு துளையிலும் சற்றுச் சிறியது. குழலுக்குள் முட்டி மோதி வெளிவரும் குண்டுக்கு நூறு யார் தூரத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. இத்தகைய துவக்கில் குழலை எவ்வளவு தடிப்பாக்கினாலும் பெரும்பயன் விளையாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். குண்டைச் சுழற்றி அனுப்பும் வரியிட்ட குழல் வந்த பின்னரே பாரத்தின் பயன் முழுமையாக வெளிப்பட்டது. ஆயினும் அந்தப் படைவீரனின் துவக்கு வெட்டவெளியில் வரிசையாக நின்று, விரைந்து மருந்திட்டு, ஒருங்கே சுடுவதற்கென அமைந்தது. ஹாரிஸ்பத்துவையின் காட்டுப்பாதையில் வரிசை எங்கே? 1842 இல் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலப் படையும் இதே பாடத்தைப் படித்தது. ஆப்கானியர் பாறை உச்சிகளில் ஊன்றிச் சுட்ட நீண்ட ஜெசாயில் துவக்குகளுக்கு, கீழே நடந்து சென்றோரின் துவக்குகள் எட்டவில்லை.

இவ்வளவும் கூறியபின் ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையன்று. 1803 இல் கண்டி நகரில் ஆங்கிலப் படையை முதலில் வீழ்த்தியது கொடித்துவக்கு அன்று, காய்ச்சல். யூன் 24 ஆம் திகதி கண்டியர் தாக்கியபோது எழுந்து நிற்கத்தக்க வீரர் சொற்பமே. வட்டபுலுவைக் கரையில் அவர்கள் தெப்பம் கட்ட முயன்றனர், கங்கை இடந்தரவில்லை. முத்துசாமியை ஒப்படைக்குமாறு அரசன் ஆள் அனுப்பினான். டேவி முதலில் மறுத்து, பின் ஒப்படைத்தார். முடிசூட்டியவர்களே கைவிட்ட அந்த இளவரசன் கொல்லப்பட்டான். நம் பாடப்புத்தகங்கள் டேவியின் பெயரைச் சொல்லி அவனை ஒரு வரியில் கடந்துவிடுவது நமக்கு எப்போதும் மனக்குறையே.

பின்னர் வீரர்களும் துவக்குகளைக் கீழே வைத்தனர். யூன் 26 ஆம் திகதி அவர்கள் சிறுசிறு தொகையாக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டப்பட்டனர். பார்ன்ஸ்லி என்னும் கோப்ரல் கழுத்தில் வெட்டுக்காயத்துடன் பிணங்களிடையே கிடந்து, இரவில் கங்கையை நீந்திக் கடந்து, மாத்தளையிலிருந்த ஆங்கிலக் கோட்டைக்குச் செய்தி கொண்டு போனான். அவன் கையில் துவக்கு இருக்கவில்லை.