கண்ணாடித் தட்டின் சாட்சியம்

பகலிலே செங்கல், சுண்ணாம்பு, கூலிக் கணக்கு, இரவிலே விண்மீன்! இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் கட்டட ஒப்பந்தக்காரராக வாழ்ந்த ஐசக் ராபர்ட்ஸ் என்பாரின் வாழ்வை இப்படித்தான் சுருக்கிச் சொல்ல வேண்டும். 1829-ஆம் ஆண்டு, வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் உழவர் மகனாகப் பிறந்தவர். பிள்ளைப் பருவத்திலேயே குடும்பம் லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்தது. 15 வயதில் கட்டடத் தொழிலகம் ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். உழைத்தார், உயர்ந்தார், தாமே தொழில் நடத்தும் நிலைக்கு வந்தார். ஆங்கிலம் அரசோச்சிய நகரிலே வாழ்ந்தும் வெல்ஷ் மொழியை இறுதிவரை அவர் மறந்தாரில்லை. (இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்று தோழர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ!)

இவருடைய வீட்டுத் தோட்டத்திலேதான், லிவர்பூலை அடுத்த மெகல் என்னும் ஊரில், 1885-ஆம் ஆண்டு 20 அங்குல விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது. அரசாங்கம் நிறுவியதன்று, பல்கலைக்கழகம் வாங்கித் தந்ததன்று, கட்டடத் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு அவரே செய்வித்தது.

அந்தக் காலத்தில் விண்முகில்களைப் பற்றிய அறிவு எந்த நிலையில் இருந்தது? ஆண்ட்ரோமெடா என்னும் விண்மீன் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கே புலப்படும் மங்கலான ஒளித்திட்டு ஒன்று உண்டு. பத்தாம் நூற்றாண்டிலேயே பாரசீகத்து அறிஞர் அல்-சூஃபி அதைச் சிறு மேகம் என்று குறித்து வைத்தார். 1612-இல் தொலைநோக்கி கொண்டு அதைக் கண்ட சைமன் மாரியஸ், கொம்புத் தகட்டுக்கு அப்பால் எரியும் மெழுகுவத்தி போன்றது என்றார். 1847-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் பாண்டு, அதன் ஊடே இரண்டு கருங்கோடுகள் ஓடக் கண்டார். அவ்வளவுதான்! ஆயிரம் ஆண்டுகளில் ஒரு மேகம், ஒரு மெழுகுவத்தி, இரண்டு கோடுகள்.

கண்டதைக் கையால் வரைய வேண்டியிருந்தது என்பதுதான் இடர்ப்பாடு. ஒரே ஓரியன் விண்முகிலை நால்வர் வரைந்தால் நான்கு வடிவம் கிடைக்கும். முன்னவர் ஓவியத்துக்கும் பின்னவர் ஓவியத்துக்கும் வேறுபாடு கண்டபோது, முகிலே மாறிவிட்டதோ என்று வாதிட்டோரும் உண்டு. மாறியது முகிலா, வரைந்தவன் கையா? தீர்ப்புச் சொல்ல, விருப்பு வெறுப்பற்ற சாட்சி ஒன்று தேவைப்பட்டது.

புகைப்படத் தட்டு அந்தச் சாட்சியாக வந்தது. ஆனால் உடனே வந்துவிடவில்லை. கண்ணுக்கு ஒளியைச் சேர்த்து வைக்கத் தெரியாது. நொடியின் ஒரு சிறு பகுதியில் வந்ததைக் கண்டு, அத்துடன் மறந்துவிடும். தட்டோ உண்டியலைப் போன்றது. துளித்துளியாய் விழும் ஒளியை மணிக்கணக்கில் சேர்த்து வைக்கும். எனினும் பழைய ஈரத்தட்டு சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். உலர்ந்தால் பயனற்றுப் போகும். அதிலிருந்து எழும் ஈதர் ஆவி தம் உடல்நலத்தைக் கெடுக்கக் கண்ட ரிச்சர்டு மேடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், மாற்று வழி தேடி 1871-இல் ஜெலட்டின் பூசிய தட்டைப் பற்றி எழுதினார். பிறர் அதைச் செப்பம் செய்தனர். உலர்தட்டு பிறந்தது. நுரையீரலைக் காக்க எழுந்த முயற்சி, விண்முகிலைப் பிடிக்கும் வலையாயிற்று!

1880 செப்டம்பர் 30-ஆம் நாள், அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர், ஹட்சன் ஆற்றங்கரையில் தமக்கென அமைத்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஓரியன் விண்முகிலை முதன்முதலாகப் படம்பிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 45 வயதில், அவர் இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் லண்டனை அடுத்த ஈலிங்கில் வாழ்ந்த ஆண்ட்ரூ காமன். பெயர்தான் காமன், கரும்பு வில்லும் மலர்க்கணையும் ஏந்திய காமனல்லர்! கழிவுநீர் வடிகாலும் குழாயும் அமைக்கும் சுகாதாரப் பொறியாளர். தோட்டத்திலே 36 அங்குல ஆடியை நிறுத்தி, 1883 ஜனவரி 30-இல், 37 நிமிடம் ஒளி காட்டி அதே ஓரியனைப் படமெடுத்தார். அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாத விண்மீன்களெல்லாம் அந்தத் தட்டிலே தெரிந்தன. மனிதக் கண்ணின் எல்லையை மனிதன் செய்த கருவி தாண்டியது அன்றுதான். சாக்கடைப் பொறியாளருக்கு மறு ஆண்டே அரச வானியல் கழகம் பொற்பதக்கம் தந்தது.

இப்போது ராபர்ட்ஸின் தோட்டத்துக்குத் திரும்புவோம். விண்முகிலைப் படமெடுப்பது பொத்தானை அமுக்கும் வேலையன்று. பூமி சுழல்கிறது, 23 மணி 56 நிமிடத்தில் வானம் ஒரு சுற்றுச் சுற்றியதாகத் தோன்றுகிறது. அந்த வேகத்துக்கு ஈடாகத் தொலைநோக்கியைக் கடிகாரப் பொறி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பொறி இமைப்பொழுது தடுமாறினாலும் புள்ளியாக விழ வேண்டிய விண்மீன் புழுவாக நெளிந்துவிடும். ஆகவே உடன் பிணைத்த சிறு தொலைநோக்கி வழியே ஒரு விண்மீனை இமைகொட்டாமல் நோக்கி, அது நகர நகர, கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே ஆங்கில நாட்டுப் பனிக்காலம்!

1888-ஆம் ஆண்டு, இவ்வாறு மணிக்கணக்கில் ஒளி காட்டிய தட்டைக் கழுவி எடுத்தபோது, ஆண்ட்ரோமெடா தன் உருவத்தைக் காட்டிற்று. பாண்டு கண்ட கருங்கோடுகள் கோடுகளே அல்ல. சுருள்சுருளாகச் சுழன்று கிடக்கும் ஒளி வளையங்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகள்! ஆயிரம் ஆண்டு மேகம், சுழல் வடிவம் பெற்று எழுந்தது.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். தட்டு சொன்னது உண்மை. தட்டுக்கு உடையவர் சொன்னதோ தவறு! ஞாயிறும் கோள்களும் சுழலும் முகிலிலிருந்து உருவாயின என்ற கருத்து அந்நாளில் செல்வாக்குடன் இருந்தது. அந்தக் கருத்தை மனத்திலே வைத்துக்கொண்டு படத்தை நோக்கிய ராபர்ட்ஸ், இதோ புதிய ஞாயிற்றுக் குடும்பம் ஒன்று பிறந்துகொண்டிருக்கிறது என்றார். அறிஞர் பலரும் தலையசைத்தனர்.

தட்டு மறுத்துப் பேசவில்லை, காத்திருந்தது. 1912-இல் ஹார்வர்டு ஆய்வகத்தின் ஹென்ரியெட்டா லெவிட் அம்மையார், ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களின் கால அளவுக்கும் உண்மை ஒளிக்கும் உள்ள தொடர்பைப் புகைப்படத் தட்டுகளிலிருந்தே நிறுவினார். 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள், 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த ஆண்ட்ரோமெடாப் படத்தில் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டார். முதலில் வேறு வகையென எண்ணி இட்ட குறியைத் தாமே அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். அந்தத் திருத்தத்தைச் சுமந்த தட்டு இன்றும் இருக்கிறது. கணக்கிட்டால், ஆண்ட்ரோமெடா நம் விண்மீன் மண்டலத்துக்கு அப்பாலுள்ள மற்றொரு மண்டலம்! இன்றைய அளவில் அதன் தொலைவு 25 இலட்சம் ஒளியாண்டு. ராபர்ட்ஸ் கண்டது தொட்டிற் குழந்தையன்று; கோடானுகோடி ஞாயிறுகளின் நாடு.

ராபர்ட்ஸின் இன்னொரு தவறு இதைவிடக் கவனிக்கத் தக்கது. இசைக் கலைஞராக இருந்து வானியலாரான வில்லியம் ஹெர்ஷல், வானில் 52 இடங்களில் பரந்து விரிந்த மங்கல் ஒளி தெரிவதாக 1811-இல் பட்டியல் தந்திருந்தார். ராபர்ட்ஸ் அந்த இடங்களையெல்லாம் தட்டிலே பதித்து, நான்கே இடங்களில் முகில் உண்டு, மற்றவற்றில் இல்லை என்று 1903-இல் எழுதினார். மறுத்தெழுந்தவர் எட்வர்டு பார்னார்டு. வறுமையால் பள்ளிப் படிப்பின்றி, சிறுவனாகவே அமெரிக்கப் புகைப்பட நிலையம் ஒன்றில் வேலைக்குப் போனவர் அவர். முகம் எடுப்பதற்கென்று செய்த பழைய வில்லை ஒன்றைக் கொண்டு பால்வழியைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர். அவர் எடுத்த படங்களில், ராபர்ட்ஸ் இல்லையென்ற இடத்தில் முகில் இருந்தது. குறுகிய பார்வையுள்ள தொலைநோக்கியில் தட்டு முழுதும் ஒரே மங்கலாய்ப் பரவினால் விளிம்பு தெரியாது. விளிம்பு தெரியாவிட்டால் முகிலே தெரியாது. “என் தட்டில் விழவில்லை” என்பது வேறு. “வானத்தில் இல்லை” என்பது வேறு. சாட்சியை மதித்த மனிதர், சாட்சியின் மௌனத்தையும் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டுவிட்டார்!

1904-இல் அவர் இறந்தார். அவர் மனைவி டொரோதியா கிளம்ப்கே, பாரிஸ் சார்போன் பல்கலைக்கழகத்தில் 1893-இல் கணித அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கணவர் எடுத்த அந்த 52 பகுதிகளின் படங்களையும் பின்னாளில் தொகுத்து வெளியிட்டார். கணவரின் முடிவை நம்பு என்று உலகத்திடம் சொல்லாமல், படங்களையே உலகத்தின் கையில் கொடுத்தாரே, அது பெருஞ்செயல்.

கண்ணாடித் தட்டு போயிற்று. மின்னணு ஒளியுணரி வந்தது. கடிகாரப் பொறியை இன்று கணிப்பொறி திருத்துகிறது. பல இரவுகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டவும் முடிகிறது. 2022-இல் பிரான்சு நாட்டு நான்சி நகருக்கு அருகே, யான் சேன்டி என்பவர் 106 மில்லிமீட்டர் தொலைநோக்கியை அதே ஆண்ட்ரோமெடாவின் பக்கம் திருப்பினார். ராபர்ட்ஸின் ஆடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு! ஆக்சிஜன் உமிழும் நீலப்பச்சை ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தி, 22 இரவுகளில் 100 மணி நேரத்துக்கு மேல் ஒளி சேர்த்தார். தோழர்கள் மார்செல் டிரெக்ஸ்லரும் சேவியர் ஸ்ட்ரோட்னரும் படங்களை ஆராய்ந்தனர். ஆண்ட்ரோமெடாவின் அருகே, முழுநிலவைவிட நீண்ட வில் வடிவ முகில் ஒன்று தெரிந்தது. பேராய்வகங்களெல்லாம் பன்னெடுங்காலம் பார்த்த இடம். எவரும் காணாத முகில்! அந்த ஒரு நிறத்தில், அவ்வளவு அகன்ற பரப்பை, அவ்வளவு நேரம் எவரும் நோக்கவில்லை.

மூவரும், “இது இன்னதுதான்” என்று முடித்துவிடவில்லை. வேறிடத்து நண்பர்களைக் கொண்டு வேறு கருவிகளில் சரிபார்த்தனர். தொழில்முறை வானியலாருடன் சேர்ந்து 2023-இல் கட்டுரை வெளியிட்டனர். முகில் ஆண்ட்ரோமெடாவை ஒட்டியதா, வழியிலே நம் பால்வழிக்குள்ளேயே கிடப்பதா என்ற வாதம் உடனே எழுந்தது. பின்வந்த ஆய்வுகள் பால்வழிக்குள் என்ற பக்கமே சாய்கின்றன. அது உண்மையானால், 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள பொருளைப் படமெடுக்கப் போனவர்கள், நம் வீட்டு முற்றத்து முகிலைக் கண்டு திரும்பியவர்கள் ஆவார்கள்.