வீட்டுப் பனிக்கட்டி எந்திரம்: கம்பம் பள்ளத்தாக்கின் பானங்களுக்கேற்ற தேர்வு

வீட்டுப் பனிக்கட்டி எந்திரம் என்பது, தொட்டியில் ஊற்றப்பட்ட தண்ணீரைச் சிறிய கம்ப்ரசர் ஒன்றின் துணையால் சில நிமிடங்களில் உறையவைத்து, கட்டிகளாக உதிர்த்துத் தரும் மேசைமேல் கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஐஸ் மெசின் எனப்படுகிறது. ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைக்கும் ஐஸ் தட்டும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கிறது என்பதால், தேர்வு பற்றிய எந்த விளக்கமும் தட்டையும் சேர்த்தே எண்ண வேண்டியதாகிறது. எந்த எந்திரம் நல்லது என்பதற்கு எல்லா ஊருக்கும் பொதுவான விடை கிடையாது. வீட்டில் அருந்தப்படும் பானம் எது, குழாயில் வரும் தண்ணீர் எத்தகையது என்ற இரண்டுமே விடையைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை அவ்விரண்டையும் தேனி மாவட்டத்தையும் அதன் தென்மேற்கில் நீளும் கம்பம் பள்ளத்தாக்கையும் முன்வைத்து ஆராய்கிறது.

மேற்கே ஏலமலையும் கிழக்கே வருசநாட்டு மலையும் அரணாக நிற்க, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் சுரங்கவழியாக வந்து பாயும் இப்பள்ளத்தாக்கு, குளிர்பானத்துக்குரிய மூலப்பொருள்களில் பெரும்பாலானவற்றைத் தானே விளைவிக்கிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி ஆகிய ஊர்களின் பந்தல்களில் காய்க்கும் பன்னீர்த் திராட்சை, வணிகத்தில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் வகையாகும். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சையும், ஆற்றுப்பாசன நிலங்களில் தென்னையும், மேகமலையில் தேயிலையும் விளைகின்றன. மலைமேல் விளையும் ஏலக்காய் ஏலத்துக்குப் போடிநாயக்கனூர் வந்து சேர்கிறது. இவற்றோடு நன்னாரி சர்பத், எலுமிச்சைச் சாறு, மோர், பன்னீர் சோடா ஆகியனவும், மதுரையிலிருந்து பரவிய ஜிகர்தண்டாவும் இவ்வட்டாரத்தின் வேனிற்காலப் பானங்களாகும்.

பனிக்கட்டி தமிழ்நாட்டில் நெடுங்காலம் விலைக்கு வாங்கும் பொருளாகவே இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர், அவ்வூர்ப்பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அவ்வணிகத்தின் கிடங்குதான். பின்னர் ஐஸ் கம்பெனிகள் வந்து, உப்புக்கரைசலில் அமிழ்ந்த தகர வார்ப்புகளில் தண்ணீரை உறையவைத்து ஐஸ் பார்களை விற்கத் தொடங்கின. சாக்கில் சுற்றிய பாரைச் சுத்தியலால் உடைத்துப் பழச்சாற்றுக் குவளையில் போடும் வழக்கம் சிற்றூர்ச் சந்தைகளில் இன்றும் உண்டு.

கட்டி உருகும் கணக்கு

எந்திரத்தின் வகைகளுக்குள் போகுமுன் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தைச் சுற்றியுள்ள பானத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதுவே உருகலின் மறைவெப்பம் எனப்படுவது. உருகிய நீரும் 5 பாகை வரை சூடேறும்போது இன்னும் 5 கலோரியை எடுத்துக்கொள்ளும். ஆகவே 30 பாகை செல்சியஸில் இருக்கும் 200 மில்லி லிட்டர் திராட்சைச் சாற்றை 5 பாகைக்குக் கொண்டுவரச் சுமார் 60 கிராம் பனிக்கட்டி உருகியாக வேண்டும். அதாவது சாற்றின் அளவில் கால்பங்குக்கும் மேலான தண்ணீர் அதில் கலந்தாக வேண்டும். கட்டி உருண்டையா, சதுரமா, தூளா என்பது இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. வடிவம் மாற்றுவது வேகத்தை மட்டுமே: தூளுக்குப் பரப்பு மிகுதி என்பதால் பானம் நொடிகளில் குளிர்ந்து, நீர்த்தும் போகிறது, பெரிய கட்டி மெல்லக் குளிர்விக்கிறது, ஆனால் அருந்தி முடிக்கும்வரை முழுதும் உருகாமல் நிற்கிறது.

அதே சாறு முன்பே ஃபிரிட்ஜில் வைக்கப்பட்டு 10 பாகையில் இருந்தால், அதை 5 பாகைக்கு இறக்கத் தேவைப்படும் பனிக்கட்டி 12 கிராம் மட்டுமே. எந்திரம் வாங்குவதால் கிடைக்கும் பயனைவிடச் சாற்றை முன்கூட்டிக் குளிரவைப்பதால் கிடைக்கும் பயன் பெரிது என்பதை விற்பனையாளர் எவரும் சொல்வதில்லை.

எந்திர வகைகள்

கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் மிகுதியாகக் கிடைப்பது குண்டு வடிவக் கட்டி தரும் வகையாகும். குளிர்ந்த உலோக விரல்கள் சில, நீர் நிறைந்த சிறு தட்டில் அமிழ்ந்திருக்க, அவற்றைச் சுற்றி நீர் உறைகிறது. பிறகு விரல்களுக்குள் சூடான வளிமம் செலுத்தப்பட, கட்டிகள் நழுவிக் கூடையில் விழுகின்றன. நடுவில் துளையுள்ள இக்கட்டிகள் பெரும்பாலான மாதிரிகளில் ஓர் ஈட்டுக்கு ஒன்பது வீதம், ஆறு முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து விழும். நாளொன்றுக்கு 12 கிலோ என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது மிதமான அறைவெப்பத்திலும் குளிர்ந்த நீரிலும் இடைவிடாது ஓட்டிப் பெறும் அளவாகும். அந்த அளவையே ஏற்றுக்கொண்டாலும் ஓர் ஈட்டின் எடை சுமார் 50 முதல் 85 கிராம் வரைதான். மேற்கண்ட கணக்கின்படி, குளிரூட்டாத ஒரு குவளைச் சாற்றுக்கு ஏறத்தாழ ஓர் ஈடு முழுவதும் தீர்ந்துவிடும். தேனியின் சித்திரை வெயிலில், மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீரை ஊற்றினால் ஈட்டுக்கு ஈடு நேரம் நீளும்; கட்டியும் மெலியும். பானைத் தண்ணீரையோ ஃபிரிட்ஜ் தண்ணீரையோ ஊற்றுவது இதற்கு எளிய மாற்று.

இவ்வகை பற்றிப் பலரும் அறியாதது, அதன் கூடை உறைபெட்டி கிடையாது என்பதாகும். கட்டிகள் அங்கேயே மெல்ல உருகிக் கீழேயுள்ள தொட்டிக்குத் திரும்ப, எந்திரம் அதே நீரை மறுபடி உறையவைக்கிறது. மின்தடை வந்தால் சேர்ந்ததெல்லாம் தண்ணீராகிவிடும் என்பதால், விருந்துக்குத் தேவையானதை முந்தின நாளே எடுத்து உறைபெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். கூடையிலிருந்து நேரே எடுக்கும் கட்டி ஈரமாகவே இருப்பதால், அதன்மேல் ஒட்டிய நீர் பானத்தைக் குளிர்விக்காமலே நீர்க்கச் செய்கிறது.

இரண்டாவது, மென்று தின்னத்தக்க பொருபொருத்த சிறு கட்டிகளைத் தரும் வகை. குளிர்ந்த உருளையின் உட்சுவரில் படியும் மெல்லிய பனியைத் திருகுத்தண்டு ஒன்று ஓயாமல் சுரண்டி மேலேற்றி, துளைகள் வழியே அழுத்தித் தள்ளுகிறது. நுண்ணிய இடைவெளிகள் நிறைந்த இக்கட்டி, தான் கிடக்கும் பானத்தின் சுவையை உறிஞ்சிக்கொள்ளும். விலை பன்மடங்கு, உப்புத் தண்ணீருக்கு இவ்வகை சற்றும் தாங்காது. உருளையில் சுண்ணாம்பு படிந்தால் திருகுத்தண்டு கிறீச்சிடத் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் பழுதில் முடியும்.

மூன்றாவது, தெளிந்த கட்டி தரும் வகை. சாதாரணத் தட்டில் நீர் எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி உறைவதால், அதில் கரைந்துள்ள காற்றும் உப்பும் நடுவில் சிறைப்பட்டு வெண்மையாகத் தெரிகின்றன. தெளிவகை எந்திரத்திலோ குளிர்ந்த தகட்டின்மேல் நீர் ஓடிக்கொண்டேயிருக்க, தூய நீர் முதலில் உறைந்து, எஞ்சியவை ஓட்டத்தோடு கழிகின்றன. தண்ணீரை இரண்டுமுறை கொதிக்கவைத்தால் கட்டி தெளிவாகும் என்ற பரவலான நம்பிக்கையால் பெரிய பயன் எதுவும் இல்லை. மூடியில்லாத சிறிய தெர்மாகோல் பெட்டியில் நீரை நிரப்பி உறைபெட்டியில் வைத்தால், மேலிருந்து கீழாக மட்டுமே உறைந்து, மேல்பகுதி கண்ணாடிபோல் வரும். அடிப்பகுதி முழுதும் உறையுமுன் எடுத்துவிட வேண்டும்.

பானமும் கட்டியும்

பள்ளத்தாக்கின் பானங்களை, தண்ணீர் சேர்த்தே ஆக வேண்டியவை, தண்ணீர் சேரக் கூடாதவை என இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் தேர்வு எளிதாகிறது. நன்னாரி சர்பத் முதல் பிரிவைச் சேர்ந்தது. நன்னாரி வேரை ஊறவைத்து, சர்க்கரையோடு காய்ச்சிய பாகில் இரண்டு மூன்று கரண்டியும், அரை மூடி எலுமிச்சையும், ஊறிய சப்ஜா விதையும் சேர்த்தபின் குவளையின் மீதி இடம் முழுவதும் தண்ணீருக்கு உரியது; அத்தண்ணீரில் ஒரு பங்கு பனிக்கட்டியாக வந்தால் சுவைக்குக் கேடில்லை. எலுமிச்சைச் சாறும் இவ்வாறே. இவற்றுக்குக் குண்டுக் கட்டி முற்றிலும் போதுமானது. பொருபொருத்த கட்டி இருந்தால், பாகு ஏறிய கட்டியை மென்று தின்னும் இன்பமும் கூடும்.

பன்னீர்த் திராட்சைச் சாறு இரண்டாம் பிரிவு. மெல்லிய தோலும் விதையும் கொண்ட இப்பழத்தை வீடுகளில் இரண்டு வகையாகச் சாறெடுக்கிறார்கள். சிறிது தண்ணீரில் கொதிக்கவைத்து, தோலின் நிறம் இறங்கியபின் மசித்து வடிகட்டுவது ஒன்று. பச்சையாகவே மிக்சியில் இரண்டொரு சுற்று மட்டும் விட்டு வடிகட்டுவது மற்றொன்று. பின்னதில் விதை அரைபட்டால் சாறு துவர்த்துக் கசக்கும் என்பதால், மிக்சி ஓடும் நேரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஜாரில் பெரிய ஐஸ்கட்டியைப் போட்டால் அதை உடைக்கவே நேரம் பிடித்து விதையும் சேர்ந்து நொறுங்குகிறது, பிளேடும் மழுங்குகிறது. ஆகவே பனிக்கட்டி வடிகட்டிய பின்னரே சேர வேண்டும். அப்போதும் இப்பழத்தின் பன்னீர் மணம் நீரில் விரைவில் கரைந்து காணாமற்போவதால், சாற்றை ஃபிரிட்ஜில் நன்கு குளிரவைத்துப் பெரிய தெளிந்த கட்டி ஒன்றை மட்டும் இடுவதே சிறந்தது. சாற்றையே தட்டில் ஊற்றி உறையவைத்து, அக்கட்டிகளைச் சாற்றில் இடுவது அதனினும் மேலானது. இதற்கு எந்திரமே தேவையில்லை, சொல்லப்போனால் எந்திரத்தில் செய்யவும் முடியாது. சாறு, பால், உப்பிட்ட மோர் ஆகிய எதையும் எந்திரத்தின் தொட்டியில் ஊற்றக் கூடாது. மேகமலைத் தேயிலையின் வடிநீரில் ஏலக்காய் தட்டிப்போட்டு உறையவைத்த கட்டிகள், குளிர்ந்த தேநீருக்கு இம்முறையில் நன்கு பொருந்துகின்றன.

இளநீரில் எந்தப் பனிக்கட்டியும் சேர்ப்பது அதன் மெல்லிய இனிப்பைக் கெடுப்பதாகும். காயையே குளிரவைப்பதுதான் முறை. ஜிகர்தண்டாவும் உள்ளே கட்டியை ஏற்காத பானம். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரிப் பாகு, ஐஸ்கிரீம் என்று அடுக்கப்படும் அதன் திண்மை உருகுநீரால் குலைந்துவிடுகிறது. கடைக்காரர்கள் பால் பாத்திரத்தைச் சுற்றித்தான் ஐஸை நிரப்புகிறார்கள். வீட்டிலும் குண்டுக் கட்டிகளை ஓர் அகன்ற பாத்திரத்தில் கொட்டி, அதன் நடுவே பால் பாத்திரத்தை வைத்தால் போதும்.

சோடா வகைகளுக்குத் தனி விதி. குளிர்ந்த நீரில் கரியமில வாயு மிகுதியாகக் கரைந்து நிற்கும். சொரசொரப்பான பரப்பைக் கண்டால் குமிழ்களாகி வெளியேறும். பொருபொருத்த கட்டியின்மேல் பன்னீர் சோடாவை ஊற்றினால் நுரை பொங்கி வழிந்து, குவளையில் சப்பென்ற இனிப்புநீர் எஞ்சுவது இதனால்தான். குளிரூட்டிய சோடாவில் வழவழப்பான தெளிந்த கட்டி இரண்டு போதும்.

தண்ணீரும் பராமரிப்பும்

மலையிலிருந்து வரும் ஆற்றுநீர் பொதுவாக மென்மையானது. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில் நிலை வேறு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லி கிராமையும், கடினத்தன்மைக்கு 200 மில்லி கிராமையும் ஏற்கத்தக்க அளவாக வகுத்துள்ளது. அதற்கு மேற்பட்ட நீரை எந்திரத்தில் ஊற்றினால் உலோக விரல்களில் வெள்ளைப் பொருக்கு படியும். குளிர் கடத்தப்படாமல் கட்டி சிறுத்துப்போகும். மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து ஊற்றிச் சுத்தம் செய்து, பின்னர் வெறும் நீரில் இரண்டு ஈடு ஓட்டி அக்கட்டிகளைக் கொட்டிவிட வேண்டும். பயன்படுத்தாத நாள்களில் தொட்டியை வடித்து, மூடியைத் திறந்து உலரவிடாவிட்டால் வழவழப்பான பாசிப்படலம் பிடிக்கும். ஐஸ் தட்டு பயன்படுத்துவோர் மூடியுள்ள தட்டையே வாங்க வேண்டும். அதே ஃபிரிட்ஜில் இட்லி மாவும் மல்லிகைச் சரமும் மீனும் இருக்கும் வீட்டில், திறந்த தட்டின் பனிக்கட்டி அத்தனை மணத்தையும் ஏற்றுக்கொண்டு சர்பத்தில் வந்து சேரும்.

திராட்சைச் சாறும் இளநீரும் மோருமே மிகுதியாக அருந்தும் நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மூடியுள்ள தட்டுகள் இரண்டு போதும் என்பதும், விருந்தினர் வரவு மிகுந்து சர்பத் அடிக்கடி கலக்கும் வீட்டுக்குக் குண்டு வகை தகும் என்பதும், சுத்திகரித்த நீர் வசதி இல்லாத வீட்டுக்குத் திருகுத்தண்டு வகை வீண்செலவு என்பதும் மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும். கல்யாணத்துக்கும், வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழாவையொட்டி வைக்கப்படும் நீர்மோர்ப் பந்தலுக்கும் எந்த வீட்டு எந்திரமும் ஈடுகொடுக்காது. அங்கே ஐஸ் பார்தான் வேண்டியிருக்கும். அதை வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: உண்பதற்கல்லாத, பொருள்களைக் குளிரவைக்க மட்டுமேயான பனிக்கட்டிக்கு நீலநிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் விதித்த கட்டுப்பாடு 2018 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது.