ஆயாக் கொட்டகை முதல் பாலர் பள்ளி வரை

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கைக் கடந்து போகிறவர்களின் கண்ணில் இன்று படுபவை தொழிற்சாலைகளும் சரக்கு லாரிகளும் வரிசை வீடுகளும்தான். ஒரு காலத்தில் இந்தக் கோல லங்காட் வட்டாரம் ரப்பரும் தென்னையுமாக இருந்தது. தோட்டங்கள் தோறும் லயத்து வீடுகள்; பக்கத்தில் ஒரு கோயில்; கொஞ்சம் தள்ளி ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையைப் பற்றித்தான் நம் வரலாற்றில் குறைவாகப் பேசப்பட்டிருக்கிறது.

ஆயாக் கொட்டகை என்று அதற்குப் பெயர். வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால், பொழுது விடியுமுன்பே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து சீவப் போனால்தான் அடுப்பு எரியும். கைக்குழந்தையை என்ன செய்வது? தூங்கும் குழந்தையைத் துணியில் சுற்றி, இருட்டோடு இருட்டாகக் கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுவார்கள். உத்தரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். மரம் சீவ முடியாத வயதை அடைந்துவிட்ட ஒரு மூதாட்டி ஆயாவாக இருப்பார். பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு அவர் ஒருவரே பாட்டி, செவிலி, காவல்காரி எல்லாம். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்பும் வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு.

அந்த ஆயாக்களின் அன்பில் யாரும் குறை காண முடியாது. ஆனால் கொட்டகை எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது குழந்தைக்காகக் கட்டப்பட்டதன்று. தாயின் இரண்டு கைகளும் சீவுளிக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அந்தப் பள்ளி வயது 7இல்தான் தொடங்கியது. அதற்கு முந்திய வயதில் பிள்ளைக்குப் பாட்டும் கதையும் விளையாட்டும் வேண்டும் என்ற நினைப்பே அன்றைய சட்டத்தில் இல்லை. கொட்டகையிலும் இடமில்லாதபோது வீட்டு மூத்த பெண் பள்ளியை விட்டுவிட்டுத் தம்பி தங்கையை இடுப்பில் சுமந்தாள். இப்படி எழுத்தறியாமல் போன அக்காமார்களுக்குக் கணக்கே கிடையாது.

இந்த நிலை தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் ரோம் நகரில், சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில், 1907 ஜனவரி 6ஆம் தேதி ஒரு குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்குகிறார்களே என்று கட்டட நிர்வாகம் கவலைப்பட்டது. சுவரைக் காப்பாற்றத்தான் ஓர் அறையை ஒதுக்கினார்கள். அதன் பொறுப்பை ஏற்ற டாக்டர் மரியா மாண்டிசோரி, அதே அறையை உலகுக்கே வழிகாட்டிய பாலர் பள்ளியாக மாற்றினார். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து, தொடர்ந்த போர் ஆண்டுகளில் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது தமிழர் கல்வி வரலாற்றில் ஒரு நல்ல ஏடு. அங்கேயும் இங்கேயும் தேவை ஒன்றுதான். அங்கே காவலுக்குப் போட்ட அறைக்குள் ஓர் ஆசிரியர் நுழைந்தார், இங்கே நுழையவில்லை.

தொழிலாளர்கள் அதைக் கேட்காமலும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு வேறு பல கோரிக்கைகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி. துரைமார்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் ஒன்று! போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் பணியாற்றியவர். அவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கல்விக் கோரிக்கை அப்படியே கிடந்தது.

அதே ஆண்டு இறுதியில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பி வரவே இல்லை. ஆதரவற்ற பிள்ளைகள் என்ற சொல் நம் சமுதாயத்தில் கனம் பெற்றது அப்போதுதான். போருக்குப் பின், 1949இல், சுவாமி சத்தியானந்தா சுத்த சமாஜத்தை நிறுவினார். பூச்சோங் சாலையில் அதன் சிறுவர் இல்லம் வளர்ந்தது. சிங்கப்பூரில் பிறந்து இங்கு வந்து தொண்டில் சேர்ந்த அன்னை மங்களம், 1961இல் சுவாமி மறைந்தபின் பொறுப்பை ஏற்று, 2023இல் தமது 97ஆம் வயதில் மறையும் வரை அந்த இல்லத்தின் தாயாகவே வாழ்ந்தார். அங்கே இல்லத்தோடு பள்ளிக்கூடமும் சேர்ந்தே நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. சோறும் பாயும் போட்டால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பிறகு தோட்டங்கள் போயின. நிலம் துண்டாடப்பட்டது, வீடமைப்புக்கு விற்கப்பட்டது. 1971இல் தடையற்ற வாணிப மண்டலச் சட்டம் வந்தபின் மின்னியல் தொழிற்சாலைகள் பெண்களை அழைத்தன. தெலுக் பங்லிமா காராங்கிலும் அப்படியொரு மண்டலம் உருவானது. தாய்க்கு வேலை கிடைத்தது. ஆனால் கொட்டகையும் ஆயாவும் லயத்தோடு போய்விட்டார்கள். தோட்டத்தில் ஒரு பிள்ளை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அடுக்குமாடி வீட்டில் கதவைப் பூட்டிவிட்டால் யாருக்குக் கேட்கும்? கணவனை இழந்த, அல்லது கணவனால் கைவிடப்பட்ட தாய்மார்கள் அறநிறுவன இல்லங்களின் வாசலில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். இல்லங்களில் வளரும் பிள்ளைகள் எல்லாரும் அனாதைகள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. உலக அளவில் அவர்களுள் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார். இரவில் தாயோடு தூங்கக்கூடிய பிள்ளை, பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் இரவையும் இழக்கிறது.

இதை மேல்நாட்டார் சற்று முன்னதாகவே உணர்ந்தனர். 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் அளித்த அறிக்கை, தாயின் அணைப்பை இழந்து நிறுவனங்களில் வளரும் குழந்தையின் மனம் எப்படிக் காயப்படுகிறது என்பதை எடுத்துரைத்தது. பெரும் இல்லங்களை நடத்திய பிரிட்டனின் பர்னார்டோ அறநிறுவனமே 1980களின் இறுதிக்குள் அவற்றை மூடிவிட்டு, குடும்பங்களுக்கு உதவும் பணிகளுக்கு மாறியது. சிறுவர் இல்லம் ஒன்று பாலர் பள்ளியாக மாறுவதைக் கண்டால், தருமம் குறைந்துவிட்டதே என்று சிலர் அங்கலாய்ப்பார்கள். உண்மையில் அது பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காத தருமம். பெற்றோரே இல்லாத பிள்ளைக்கு இல்லம் இன்னும் வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நம் நாட்டில் சட்டம் மெல்ல மெல்லத்தான் வந்தது. 1984இல் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், 4 வயதுக்கு உட்பட்ட நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் பதிவு பெற வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டு வந்தது. 2003 முதல் பொதுவான பாலர் பள்ளிப் பாடத்திட்டம் நடப்புக்கு வந்தது. இன்று பல தமிழ்ப்பள்ளி வளாகங்களிலேயே பாலர் வகுப்புகள் நடக்கின்றன. பெற்றோர்கள் மெச்சத்தக்க ஆர்வத்துடன் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும்போதே பெயர் எழுதத் தெரிந்த பிள்ளைக்கும், பென்சிலையே அன்றுதான் பார்க்கும் பிள்ளைக்கும் உள்ள தூரம் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆயினும் ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. பாலர் வகுப்பு நாளொன்றுக்குச் சுமார் 4 மணி நேரம். தொழிற்சாலையில் ஒரு வேலை முறை 8 மணி நேரம், மிகைநேரமும் சேர்ந்தால் 12 மணி நேரம். நடுப்பகலில் வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளை, தாயின் பேருந்து வரும் வரை எங்கே இருக்கும்? தனியார் காப்பகத்தின் கட்டணம் அவள் சம்பளத்தில் ஒரு பெரும் பங்கைத் தின்றுவிடும். அந்தக் காலத்து ஆயாவுக்கு எழுத்துக் கற்றுத்தரத் தெரியாது. ஆனால் தாய் வந்து சேரும் வரை கொட்டகையை அவர் சாத்தியதில்லை.