எண்ணூர்க் கிளிஞ்சலும் மெட்ராஸ் தளமும்

ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகள் தெரியும். அவற்றுக்கு மேலே மூலைவாட்டமாக ஓடும் செங்கல் வரிசைகள் தெரியும். கிரயப் பத்திரங்கள் ‘மெட்ராஸ் தார்சு’ என்று குறிக்கும் தளம் இது. ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, பக்கத்துக் கல்லோடு சுண்ணாம்புக் காரையால் ஒட்டி, அறையின் ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக நகர்வார் கொத்தனார். அடியில் பலகை கிடையாது, முட்டும் கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே அந்தரத்தில் வைத்த கல்லைத் தாங்கியது, முந்தைய வரிசையோடு அதற்குக் கிடைத்த பிடிப்புதான். பழைய கட்டடம் என்றாலே ‘அந்தக் காலத்துப் பலம்’ என்று நாம் பேசிக் கடந்துவிடுகிறோம். பலம் வேறு, பிடிப்பு வேறு. மதராஸின் கூரைகள் பிடிப்பை நம்பி எழுந்தவை. அந்தப் பிடிப்பின் கச்சாப்பொருள் வடக்கே எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளில் கிடைத்தது.

சென்னையை ஒட்டிச் சுண்ணாம்புப் பாறை இல்லை. அரியலூர் பக்கம் போக வேண்டும். ஆனால் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் கழிமுகத்தின் சேற்றில் கிளிஞ்சல் படுகை படுகையாகக் கிடந்தது. அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட்டுதான், களிமண் கலப்பு மிகக் குறைவு. காளவாயில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, நீர் ஊற்றி நீற்றினால் வெண்ணெய் போல வழவழப்பான சுண்ணாம்பு கிடைக்கும். வண்டிப்பாதையில் இத்தனை பாரத்தைக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. வழி தந்தது தண்ணீர்: கொக்ரேன் கால்வாய் 1806-இல் மதராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டது. பிறகு வடக்கே நீண்டு, 1878-இல் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. விறகு, உப்பு, கிளிஞ்சல் என்று நகரத்துக்கு வேண்டியதெல்லாம் படகில் வந்தது. காளவாய்க்கு வேண்டிய எரிபொருளும் சுட வேண்டிய பொருளும் ஒரே நீர்வழியில் வந்ததால்தான் இந்தத் தொழில் இந்த அளவுக்கு வளர்ந்தது என்பது என் கணிப்பு.

இதற்கு முதல் மறுப்பு நமக்குப் பழக்கமானது: சூட்சுமம் கிளிஞ்சலில் இல்லை, முட்டை வெள்ளைக்கருவிலும் வெல்லத்திலும் கடுக்காய்த் தண்ணீரிலும் இருந்தது என்பார்கள். 1780-களில் இங்கே வந்த ஓவியர் வில்லியம் ஹோட்ஜஸ் உட்படப் பல பயணிகள் சலவைக்கல் போலப் பளபளத்த மதராஸ் பூச்சைப் பார்த்து வியந்தார்கள். கதைகளும் அந்தப் பளபளப்பைச் சுற்றியே வளர்ந்தன. சேர்மானங்களுக்கு வேலை உண்டு, மறுப்பதற்கில்லை. வெல்லத்தின் சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரைய உதவுகிறது. முட்டையின் புரதம் பூச்சுக்கு நீரைத் தள்ளும் குணம் தருகிறது. ஆனால் அவை மெருகுப் பூச்சின் சங்கதிகள். தளத்தில் அந்தரக் கல் நின்றதற்குக் காரணம் எளியது: கொழுத்த சுண்ணாம்பு கல்லின் முகத்தில் விடாமல் அப்பும்; நுண்துளைகள் நிறைந்த செங்கல் காரையின் ஈரத்தை உடனே உறிஞ்சும்; ஈரம் போன காரை அப்போதே விறைக்கும். அது இறுகிக் கல்லாவது பிறகு, காற்றின் கரியமில வாயுவைக் குடித்துக் குடித்து, மாதக்கணக்கில். அந்த மெதுவான இறுகலுக்கு, சுண்ணாம்போடு தானும் வினைபுரிந்து, சுர்க்கி என்ற செங்கல் தூள் கொஞ்சம் வேகம் சேர்த்தது. செங்கல் வரிசைக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெரும்பாலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். மரம், செங்கல், ஜல்லி, ஓடு என ஒன்றுக்கொன்று ஒவ்வாத நான்கு பொருள்களைச் சேர்த்தது ஒரே ஒட்டுப் பொருள்.

அப்படியானால் சிமெண்ட் ஏன் வென்றது, அதுதானே பலம் கூடியது என்று கேட்கலாம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சியே 1904-இல் மதராஸில், சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் நிறுவனத்தால், கடல் கிளிஞ்சலைக் கொண்டுதான் நடந்தது. அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில்தான் தொழில் கால் ஊன்றியது. சிமெண்ட்டின் அழுத்தம் தாங்கும் திறன் சுண்ணாம்பைவிடப் பல மடங்கு என்பது உண்மை. ஆனால் மெட்ராஸ் தார்சு விழுந்த இடங்களைக் கவனித்தால், முதலில் போவது சுவருக்குள் புதைந்த கட்டையின் முனை. ஈரம் இறங்கி உளுத்துப்போகும், இல்லையேல் கரையான் அரிக்கும். காரை கைவிட்டுத் தளம் சரிந்தது அபூர்வம். சுண்ணாம்பு தோற்றது நேரத்தில். நீற்ற, புளிக்கவைக்க, அரைக்க, அடிக்க வாரக்கணக்கில் ஆள் வேண்டும். சிமெண்ட்டோ மறுநாளே கெட்டிப்பட்டுவிடும். அந்தக் கூலியும் பொறுமையும் மலிவாக இருந்தது எவர் உழைப்பால் என்பதையும் மறக்கக் கூடாது. கழுத்தளவுச் சேற்றுநீரில் கிளிஞ்சல் வாரியவருக்கும் காளவாய்ப் புகையில் நின்றவருக்கும் அது பொற்காலம் அல்ல. ஆகவே புது வீடுகளுக்குச் சுண்ணாம்பை மீட்டெடுக்கச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பழைய வீடுகளின் கதை வேறு. ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் சுண்ணாம்புச் சுவரின்மேல் இறுக்கமான சிமெண்ட்டைப் பூசினால், கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளே சிறைப்படும்; பூச்சு பாளம் பாளமாகக் கழன்று செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். 2012-இல் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பைக் கொண்டே மீட்டது ஏக்கத்தால் அல்ல, இந்தக் கணக்கால். சிக்கல் மூலப்பொருளில் இருக்கிறது. 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும், அதற்கு வடக்கே இன்னும் ஓடும் நிலையமும் தள்ளிய சாம்பல் கழிமுகத்தின் படுகைகளில் படிந்திருக்கிறது. சுர்க்கி செய்த அதே வினையைச் சாம்பலும் செய்யும் என்பதால்தான் இன்றைய சிமெண்ட் மூட்டைகளில் அது கலக்கப்படுகிறது. மூட்டைக்குள் போன சாம்பல் பயன்படுகிறது; கிளிஞ்சல் படுகையின்மேல் கொட்டியது, பழைய கூரைகளைப் பழுதுபார்க்க வேண்டிய பொருளையே மூடிக் கிடக்கிறது.